‘வீரர் முகமை’ அல்ல, வினைமுதன்மை

கதை சார்ந்த வீடியோ கேம் ஒன்றைப் பற்றிய காணொளியின் அடியில் தமிழ் வரி ஓடியது: “இதில் வீரர் முகமை மிகக் குறைவு.” ஒரே மாதத்தில் நான் பார்த்த மூன்றாவது ‘வீரர் முகமை’ இது. முதல்முறை எந்திர மொழிபெயர்ப்பின் பிழை என்று விட்டுவிட்டேன். இரண்டாவதை ஒரு மனிதர் கட்டுரையில் எழுதியிருந்தார். பிழை பழக்கமாகி, பழக்கம் கலைச்சொல்லாகிவிடுமோ என்று கவலை வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இது ‘பிளேயர் ஏஜென்சி’, அதாவது விளையாடுபவர் தானே முடிவெடுத்துச் செயல்படும் ஆற்றல். மூலச்சொல் ‘ஏஜென்சி’. செய்தல், இயக்குதல் என்று பொருள்படும் ‘அகெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. செய்கிறவர் ஏஜென்ட், செய்யும் ஆற்றல் ஏஜென்சி. பிறருக்காகச் செய்து கொடுப்பவர், அவருடைய அலுவலகம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. வீடியோ கேம் ஆய்வில் இதை நிலைநிறுத்தியவர் கணினிவழிக் கதைசொல்லலை ஆராய்ந்த ஜேனட் மர்ரே. பொருளுள்ள ஒரு செயலைச் செய்து, நம் முடிவின் விளைவை நாமே கண்ணால் காணும்போது கிடைக்கும் நிறைவுதான் அது என்று 1997இல் அவர் வரையறுத்தார்.

இதில் முகமை எங்கே வந்தது? தேசியப் புலனாய்வு முகமை, தேசியத் தேர்வு முகமை என்று அமைப்புகளுக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. அங்கே அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முகவர் என்பவர் இன்னொருவருக்கு முகமாக நிற்பவர். காப்பீட்டு முகவர் நிறுவனத்துக்காகப் பேசுகிறார், தேர்தல் முகவர் வேட்பாளருக்காக உட்காருகிறார். தானே முடிவெடுத்துத் தானே செய்வதைக் குறிக்க வேண்டிய இடத்தில், பிறருக்காகச் செய்வதைக் குறிக்கும் சொல்லை வைத்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. ‘வீரர்’ என்பதும் அப்படித்தான். கிரிக்கெட் செய்தியிலிருந்து அப்படியே தூக்கி வந்திருக்கிறார்கள். இருட்டறையில், விளையாட்டில் வரும் ஒரு சிறுமியிடம் என்ன பதில் சொல்வது என்று தயங்கி உட்கார்ந்திருப்பவர் என்ன வீரர்? ஆட்டக்காரர் என்றால் போதாதா?

முகமையை விலக்குவது எளிது. அதைவிட வலுவான போட்டி ‘தேர்வுரிமை’. படித்தவர்கள், கவனமாக எழுதுகிறவர்கள்கூட இதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் தேர்வு என்றதும் பரீட்சைதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்காகத்தான் இலங்கை வழக்கிலுள்ள ‘தெரிவு’ எனக்குப் பிடிக்கும். ஆனால் தெரிவுரிமை என்று மாற்றினாலும் என் மறுப்பு நீங்காது. தெரிவு வேறு, நான் சொல்லும் பொருள் வேறு. இந்த இரண்டையும் குழப்பியதால்தான், கதை விளையாட்டில் நம் முடிவுகளுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா என்ற விவாதமே தடம் மாறிப் போயிற்று.

டெல்டேல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டைப் பாருங்கள். உங்கள் முடிவுகளுக்கேற்பக் கதை அமையும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்கிறது. முதல் அத்தியாயத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். நொடிகள் ஓடுகின்றன, நெஞ்சு பதறுகிறது, ஒருவரைத் தெரிவு செய்கிறோம். மூன்றாம் அத்தியாயத்தில் யார் உயிரோடு இருக்கிறாரோ அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். நாம் இயக்கும் நாயகன் லீயும் எந்த வழியில் போனாலும் நடைபிணத்தால் கடிபடுகிறான். தெரிவுகள் ஏராளம், போகும் ஊர் ஒன்றே.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். இரண்டு வழி பிரியும் இடம் பத்து வைத்து, எதையும் மீண்டும் இணைக்காமல் விட்டால் 1,024 கதைகள் எழுத வேண்டும், நடிக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். யாராலும் ஆகாத காரியம். எனவே கிளைகளைப் பிரித்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கிறார்கள். 2012இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற விண்வெளிக் கதை விளையாட்டு அந்தச் சேர்க்கையைக் கதையின் இறுதிக் காட்சியிலேயே செய்தது. மூன்று பாகங்களாகச் சுமந்துவந்த முடிவுகளெல்லாம் பெரும்பாலும் நிறத்தில் மட்டுமே வேறுபட்ட சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று இறுதிக் காட்சிகளில் வந்து அடங்கின. கொதித்த ரசிகர்கள் அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்துக்கு 400 அளவில் கப்கேக் அனுப்பினார்கள். மேலே நிறம் மூன்று, உள்ளே சுவை ஒன்று. அந்த ஆண்டு ஜூனில் நிறுவனம் இறுதிக் காட்சிகளை விரித்து இலவசமாகத் தந்தது. ரசிகர்கள் கேட்டது கூடுதல் தெரிவு அல்ல. நடந்ததற்கு நான்தான் காரணம் என்று சொல்லும்படி ஒரு முடிவு.

‘நான்தான் காரணம்’ என்பதற்குத் தமிழில் சொல் இல்லையா? தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும் இடத்தில் “வினைமுதல் கருவி” என்று இரண்டையும் அருகருகே வைக்கிறார் தொல்காப்பியர். வினைமுதல் செய்கிறவன், கருவி அவன் கையிலிருப்பது. நன்னூல் வினைமுதலைக் கருத்தா என்கிறது. அது வடசொல், அதற்கு முன்பே தமிழ்ச்சொல் கையில் இருக்கிறது. ‘தச்சனால் செய்யப்பட்டது’, ‘உளியால் செய்யப்பட்டது’ இரண்டிலும் உருபு ஒன்றே. செய்தவன் யார், கருவி எது என்பதை நாம்தான் பிரித்தறிய வேண்டும்.

கதை விளையாட்டில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: ஆட்டக்காரர் வினைமுதலா, கருவியா? 2007இல் வந்த ‘பயோஷாக்’ இதையே கதையாக்கியது. பணிவான ஒரு வேண்டுகோள் தொடர் காதில் விழும்போதெல்லாம் நாயகன் ஜாக் சொன்னதைச் செய்கிறான். அந்தத் தொடர் அவனை ஏவுவதற்கென்றே அவனுக்குள் பதிக்கப்பட்டது என்று பிறகு தெரிகிறது. அந்தக் காட்சியில் நம் கையிலிருந்த கட்டுப்பாட்டையும் விளையாட்டு பிடுங்கிக்கொள்கிறது. அதுவரை வினைமுதல் என்று நம்பியிருந்தோம். நாம் உளி. ‘தேர்வுரிமை குறைவு’ என்று எழுதினால் இந்த அதிர்ச்சியில் எது மிஞ்சும்?

‘செயலாண்மை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆளுதல் வழிவந்த நல்ல ஆக்கம்தான். ஆனால் மேலாண்மை, பேரிடர் மேலாண்மை என்று பழகிய காதுக்கு அதுவும் நிர்வாகத் துறைபோல ஒலிக்கிறது. அதைவிட வினைமுதல் என்பதோடு மை சேர்த்து ‘வினைமுதன்மை’ என்றாக்கலாம். முதல் முதன்மை ஆவதுபோலத்தான் இதுவும். சேர்த்தே எழுத வேண்டும். வினை, முதன்மை என்று பிரித்தால் செயலுக்கு முதலிடம் என்று பொருள் மாறிவிடும். நீளமாகப்பட்டால் ‘வினைமுதல் நிலை’ எனலாம்.

2015இல் வந்த ‘தி விட்சர் 3’ விளையாட்டில், நாயகன் மகள்போல் வளர்த்த சிரி என்ற பெண் துயரத்தில் இருக்கும்போது, அவளைத் தேற்ற அவளோடு பனிப்பந்து எறிந்து விளையாடலாம். இது முக்கியம் என்று திரையில் எந்த அறிவிப்பும் வராது. ஆனால் இறுதியில் அவள் உயிரோடு திரும்புவாளா என்பதைத் தீர்மானிக்கும் சில சிறு முடிவுகளில் அதுவும் ஒன்று. இதைத் தமிழில் எழுதும்போது ‘இங்கே ஆட்டக்காரரின் வினைமுதன்மை மறைவாக இயங்குகிறது’ என்று எழுதுங்கள்.