கடைசி வயலுக்குத் தண்ணீர்

கோடை நெல் பருவமான சிறுபோகத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவது இரவில்தான். வாய்க்காலின் கடைசிக் காணி அது. மேல்வயல்காரர் தங்கள் வயலுக்கு நீர் பாயும் வாயை அடைத்துவிட்டுப் படுத்த பிறகு, மிஞ்சியது மெல்ல ஊர்ந்து வரும். மண்வெட்டியும் ரோச்சுமாக அப்பா வரம்பில் குந்தியிருப்பார். மேலே இருப்பவர்கள் எல்லாரும் பேராசைக்காரர் என்றே சின்ன வயதில் நம்பியிருந்தேன். வளர்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் அந்தக் கோபம் ஆறியது.

ஒரு வாய்க்காலில் 10 வயல்கள் என்று வைப்போம். வருவது 100 பங்கு நீர், ஆளுக்கு 10 பங்கு. முதல் 9 பேரும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆளுக்கு 11 பங்கு எடுக்கிறார்கள். 99 முடிந்துவிட்டது. பத்தாவது ஆளுக்கு ஒரேயொரு பங்கு. எடுத்தவர் எவரும் தன் பங்கில் பத்தில் ஒன்றுக்கு மேல் கூடுதலாக எடுக்கவில்லை. கடைசி ஆளோ பத்தில் ஒன்பதை இழந்துவிட்டார். வாய்க்கால் மண்ணில் ஊறிப்போகும் நீரையும் சேர்த்தால் அவருக்கு அந்த ஒன்றும் வராது. மேலே உள்ள ஒன்பது பேரில் யாரைக் கேட்டாலும் "நான் கள்ளன் இல்லை" என்பார். அவர் மனமறிந்து அது பொய்யும் இல்லை.

அவர் கையை மண்வெட்டிக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பயம். உளவியலாளர்கள் டானியல் கானெமனும் அமோஸ் ட்வேர்ஸ்கியும் 1979 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்குகிறது: ஒரு தொகை கையை விட்டுப் போகும் வலி, அதே தொகை கைக்கு வரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது. வயலில் நீர் இரண்டு விரல் இறங்கினால், பயிருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் கண்ணுக்கு அது நட்டமாகத் தெரியும். உடனே வாயை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டிவிடுவோம்.

அந்தப் பதினோராவது பங்கு நெல்லுக்கு என்ன செய்கிறது? அநேகமாக எதுவும் இல்லை. நீர் ஆழமாக நின்றால் பயிர் மட்டம் வெடிப்பது, அதாவது அடியிலிருந்து பக்கத் தூர் விடுவது, குறையும். நிற்கும் நீரின் உயரம் கூடக்கூட அழுத்தமும் கூடி, அது மண்ணுக்குள் வேகமாக இறங்கும். போட்ட பசளையையும் கொண்டுபோகும். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கும் முறை ஒன்று உண்டு. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை விட்டு, அதன் பிறகு பாய்ச்சுவது. வேர் அதுவரை எட்டி நீரை எடுத்துக்கொள்ளும். ஆனால் பூக்கும் காலத்தில் வயலில் நீர் நிற்க வேண்டும். இப்படிச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 வீதம் வரை நீர் மிஞ்சும்.

ஆக, மேல்வயலில் வீணாகும் ஒரு பங்கு, கீழ்வயலில் கதிராகும். 1738 இல் கணிதவியலாளர் டானியல் பேர்னூலி பணத்துக்கும் இதையே சொன்னார். 10,000 ரூபா உள்ளவனுக்கு 1,000 ரூபா கூடுவதும், 10 இலட்சம் உள்ளவனுக்கு ஓர் இலட்சம் கூடுவதும் மனதில் ஒரே எடை என்பது அவர் கணக்கு. சேரச்சேர ஒவ்வொரு ரூபாவின் எடையும் குறைந்துகொண்டே போகும். இலங்கையின் வடக்கே வன்னியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2009 இல் போரில் நகை, உழவு இயந்திரம், வீடு எல்லாம் போய், முகாமிலிருந்து திரும்பிய பலருக்கு மிஞ்சியிருந்தது காணியும் குளமும், வாய்க்காலில் கூட இறங்கிய அயலவர்களும்தான். தண்ணீர் கடைசி வயலுக்கும் வரும் என்று நம்பி விதைக்க முடிகிற ஊரைத்தான் நான் பணக்கார ஊர் என்பேன்.

அந்த நம்பிக்கை எப்படி உண்டாகிறது? பொதுச் சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று உயிரியலாளர் கரட் ஹார்டின் 1968 இல் எழுதினார். எலினோர் ஒஸ்ட்ரம் நேரில் போய்ப் பார்த்தார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் இவர். நேபாளத்தின் நீர்ப்பாசனங்களில் அவர் கண்டது எனக்கு இன்றும் வியப்பு. கமக்காரர் மண்ணும் மரமும் கொண்டு தாங்களே கட்டிய அணைகள் பல, அரசு கட்டிய கொங்கிறீற்று அணைகளைவிடக் கடைசி வயலுக்கு நன்றாக நீர் கொடுத்தன. மண் அணை அடிக்கடி உடையும். திருத்த ஆள் வேண்டும். கீழ்வயல்காரனுக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் அவன் ஏன் மண் சுமக்க வருவான்? கொங்கிறீற்று வந்ததும் மேலே இருப்பவனுக்கு அவன் தேவைப்படாமல் போனான்.

வன்னியில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் கீழும் பாசன விதி கமக்காரர் கூட்டத்தில்தான் பிறக்கிறது. சிறுபோகத்துக்கு முன் குளத்து நீரை அளந்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அதன் பிறகு வாய்க்கால் துப்புரவு. துருசு, அதாவது குளத்து மதகு, திறப்பது அதற்குப் பிறகுதான்.

நீர் மிகவும் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது வழக்கம். உலகின் சில பாசனங்களில் அந்த முறையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் இரவு நீர் எல்லா வயல்களையும் தாண்டிக் கடைசி வயலுக்குப் போகும். கீழே நிறைந்தால்தான் மேலே இருப்பவருக்கு முறை வரும். ஆகவே அன்றிரவு ரோச்சோடு வாய்க்கால் நீளம் நடந்து, வழியில் யாரும் வாய் வெட்டாமல் காவல் காக்கிறவர் மேல்வயல்காரர்.