கியூவில் பூஜ்ஜியம், மெமரியில் ஒன்றரை ஜிபி

வேலூர் காந்தி ரோட்டில் காலை ஏழு மணிக்கு நடந்தால், லாட்ஜ் வாசல்களில் ஸ்கேன் கவரைப் பிடித்தபடி நிற்பவர்களைப் பார்க்கலாம். மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தோ வைத்தியத்துக்காக வந்தவர்கள். ரிசல்ட் ஒரு நாள் தள்ளிப்போனால் அவர்களுக்கு இன்னொரு நாள் ரூம் வாடகை. இந்த ஊரில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் சர்வர்களை நான் கவனித்துக்கொண்டிருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். இதே தவறை இன்றும் பல இடங்களில் பார்க்கிறேன்.

ரிப்போர்ட் தயாரானதும் அது ரேபிட்எம்க்யூ என்ற மெசேஜ் கியூ சர்வருக்குப் போகும், அதாவது மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கொடுக்கும் சர்வர். அங்கிருந்து இன்னொரு புரோகிராம், அதாவது கன்சியூமர், அதை எடுத்து நோயாளியின் மொபைலுக்கு அனுப்பும். சர்வரில் 4 ஜிபி மெமரி. நாங்கள் வைத்திருந்த பதிப்பில், மெமரியில் 40 சதவீதத்தைத் தாண்டினால் புது மெசேஜ் வாங்குவதை ரேபிட்எம்க்யூ நிறுத்திவிடும். அதாவது 1.6 ஜிபி. ஐந்து நாளைக்கு ஒரு முறை அந்தக் கோட்டைத் தொட்டு, எல்லா ரிப்போர்ட்டும் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். "மெமரி லீக்தான் சார், பழைய பதிப்பு" என்று, அதாவது எடுத்த மெமரியை சர்வர் திருப்பித் தராமல் விடுகிறது என்று முடிவு கட்டி, வாரம் இருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிட்டோம். அந்த முடிவுக்கு நானும் தலையாட்டினேன்.

ஒரு சனிக்கிழமை இரவு மறுபடி மெமரி ஏறியபோது, இந்த முறை ரீஸ்டார்ட் வேண்டாம், முதலில் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். மெமரி பிரேக்டவுன் கட்டளையைக் கொடுத்ததும், எந்தப் பகுதி எவ்வளவு தின்கிறது என்று பட்டியல் வந்தது. கனெக்‌ஷன், அதற்குள் ஓடும் சேனல் என்ற தனித்தனிப் பாதைகள் எல்லாம் சொற்பம். 'பைனரி' என்ற ஒரு வரி மட்டும் மலை போல நின்றது. ரேபிட்எம்க்யூ எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. எர்லாங்கில் 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரி டேட்டா ஒரு பொது இடத்தில் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கடைசி ஆள் விடும்வரை அது போகாது. மெசேஜின் உடல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆனால் திரையில் கியூவின் 'ரெடி' எண்ணிக்கை பூஜ்ஜியம். மெசேஜே இல்லாத கியூவில் மெசேஜ் டேட்டா எப்படி?

பக்கத்து நிரலில் இருந்தது விடை. 'அன்அக்ட்' 1,412.

பதிவுத் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மேஜை காலியாகிவிடும். ஆனால் ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை அந்தத் தபால் சேர்ந்ததாகக் கணக்கில்லை. ரெடி என்பது மேஜையில் கிடப்பது, அன்அக்ட் என்பது பையில் இருப்பது. நாங்கள் இத்தனை மாதமும் மேஜையை மட்டுமே பார்த்திருக்கிறோம்.

கன்சியூமரை மட்டும் நிறுத்தினேன். நிறுத்திய நொடியில் அன்அக்ட் பூஜ்ஜியமாகி, ரெடி 1,412 ஆனது. அப்போதே லீக் இல்லை என்று உறுதியாகிவிட்டது. சர்வர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. சில மெசேஜ்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் மொபைல் எண் 880 என்று ஆரம்பித்தது. வங்கதேசத்து எண்கள். எங்கள் கன்சியூமர் புரோகிராம் பத்து இலக்க எண்ணை மட்டும்தான் ஏற்கும். வேறு எதுவாக இருந்தாலும் எர்ரர் என்று அந்த மெசேஜைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும், அக்னாலெட்ஜ்மென்ட், அதாவது அந்த ஒப்புகையை, அனுப்பாமலே. ஒப்புகை தராமல் எத்தனை மெசேஜ் கையில் வைத்திருக்கலாம் என்ற பிரீஃபெட்ச் வரம்பும் வைக்கவில்லை, அதனால் கன்சியூமர் எத்தனை வேண்டுமானாலும் பையில் போட்டுக்கொண்டது. ஸ்கேன் படங்களோடு ஒரு மெசேஜ் சுமார் ஒரு எம்பி. கணக்கு சரியாக வந்தது.

ஆனால் அன்று என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. ரீஸ்டார்ட் செய்தால் ஏன் மெமரி குறைந்தது? அந்த மெசேஜ்களுக்கு 'பெர்சிஸ்டென்ட்' குறி போடவில்லை. டிஸ்கில் எழுதாததால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அவை அழிந்துபோயின. நாங்கள் மெமரியைச் சுத்தம் செய்ததாக நினைத்துக்கொண்டு, எல்லை தாண்டி வந்தவர்களின் ரிப்போர்ட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

திருத்தம் பெரிய வேலையில்லை. எண் சரிபார்ப்பை மாற்றினோம், பிரீஃபெட்ச் 20 என்று வைத்தோம், பெர்சிஸ்டென்ட் குறி போட்டோம். அனுப்ப முடியாத மெசேஜ் டெட் லெட்டர் கியூ என்ற தனி வரிசைக்குப் போகும்படி செய்தோம். அப்புறம் அன்அக்ட் 100-ஐத் தாண்டினால் என் போனுக்கு அலாரம். இப்போதைய பதிப்புகளில் 30 நிமிடம் ஒப்புகை வராவிட்டால் சர்வரே அந்தச் சேனலை மூடிவிடும். அடிக்கடி எர்ரர் வந்து தொல்லையாக இருக்கிறதென்று அந்த வரம்பை நாள்கணக்கில் நீட்டிவைப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

உண்மையான லீக்கும் உண்டு. மூடாமல் விடும் சேனல்கள் அடிக்கடி வரும் ஒன்று. கனெக்‌ஷன்வாரியாகச் சேனல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் பிடிபடும். ஆக்டிவ்எம்க்யூ போல ஜாவாவில் ஓடும் மெசேஜ் கியூ சர்வர் என்றால், ரீஸ்டார்ட்டுக்கு முன்பு ஹீப் டம்ப், அதாவது அந்த நேரத்து மெமரியின் நகல், எடுத்து வையுங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

அன்றிரவு கன்சியூமரை மறுபடி ஓடவிட்டதும் 1,412 ரிப்போர்ட்டும் போயின. அதற்கு முன்பு அழிந்தவற்றை டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் திரும்ப அனுப்ப இரண்டு நாள் ஆனது. கவுண்டரில் இருந்த அக்கா, வங்க மொழி தெரிந்த ஒரு லாட்ஜ்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னார். பலர் ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.