உயரும் எண், குறையும் சுரப்பு

தைராய்டு பரிசோதனை முடிவைக் கையில் வாங்கும் பலரை முதலில் குழப்புவது எண்ணின் திசைதான். டி.எஸ்.எச். 12 என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே 'அதிகம்' என்ற குறியும் இருக்கிறது. மருத்துவரோ தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்கிறார். அதிகம் என்று எழுதியிருப்பது எப்படிக் குறைவாகும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், அறிக்கையின் மற்ற வரிகளும் அதன்பின் எழுதித் தரப்படும் மாத்திரையின் கணக்கும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு சுரப்பதன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. அதைப் பெற்ற தைராய்டு, நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட தைராக்ஸினை, அதாவது டி4-ஐ, மிகுதியாகவும், மூன்று அணுக்கள் கொண்ட டி3-ஐச் சிறிதளவும் இரத்தத்தில் கலக்கிறது. உடலின் திசுக்கள் டி4-இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி, வீரியம் மிகுந்த டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. இவை இரத்தத்தில் போதிய அளவு இருந்தால் பிட்யூட்டரி தன் ஏவலைத் தணித்துக்கொள்ளும். போதவில்லையெனில் உரக்க ஏவும். சுரப்பு குறையக் குறைய டி.எஸ்.எச். ஏறுவது இதனால்தான்.

இந்த ஏவலின் கூர்மை வியப்பூட்டுவது. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ 100 மடங்கு உயரக்கூடும். டி4 இன்னும் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே, அதன் சிறு சரிவைக்கூட டி.எஸ்.எச். பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது, முதல் பரிசோதனையாக அதையே செய்வதற்குக் காரணமும் இதுவே. ஆனால் 6 ஆக இருந்த டி.எஸ்.எச். 12 ஆகிவிட்டால் நோய் இரு மடங்காகிவிட்டது என்று அஞ்சுவது தவறு. மாறியிருக்கும் டி4-இன் அளவு மிகச் சிறியதாகவே இருக்கும்.

பெரியவர்களுக்கு லிட்டருக்குச் சுமார் 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை டி.எஸ்.எச். இருப்பதைப் பல ஆய்வகங்கள் இயல்பு என்று கொள்கின்றன. நலமாயிருக்கும் மக்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும்படி வகுக்கப்படும் எல்லை இது. ஆகவே நோயே இல்லாத 100 பேரில் இருவர், மூவர் மேல் எல்லையைத் தாண்டியே இருப்பார்கள். வயது முதிர முதிர டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று உயர்கிறது. ஒரே நாளில்கூட இரவில் ஏறிப் பிற்பகலில் இறங்குகிறது. எல்லையை ஒட்டிய ஒற்றை எண்ணைக் கண்டதும் வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்கிவிடாமல், இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. பலருக்கு அது தானாகவே இயல்புக்குத் திரும்பியிருக்கும்.

டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது தனி டி4. இரத்தத்திலுள்ள டி4-இல் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் புரதங்களோடு பிணைந்தே கிடக்கிறது. பிணைப்பின்றி இருக்கும் அந்தத் துளிதான் செல்களுக்குள் சென்று வேலை செய்வது. டி.எஸ்.எச். உயர்ந்து தனி டி4 குறைந்திருந்தால் அது ஐயத்திற்கு இடமில்லாத தைராய்டு குறைபாடு. டி4 இயல்பாயிருந்து டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருந்தால் அது தொடக்கநிலைக் குறைபாடு, டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டும்போது பெரும்பாலும் சிகிச்சை அளிப்பார்கள், அதற்குக் கீழே வயது, அறிகுறிகள், கருத்தரிக்கும் எண்ணம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். தைராய்டிலுள்ள டி.பி.ஓ. என்ற நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தால், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே தைராய்டைத் தாக்குகிறது என்று பொருள். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்த நோய் அது. அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குக் குறைபாடு முற்றும் வாய்ப்பு கூடுதல்.

இந்தக் கணக்கு பிசகும் இடங்களும் உண்டு. பிட்யூட்டரியே பழுதுபட்டிருந்தால் ஏவுவதற்கு ஆளில்லை. டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். இயல்பாகவோ குறைவாகவோ காட்டும். முடி வளரவும் நகம் உறுதிப்படவும் பலர் உட்கொள்ளும் பயோட்டின், சில ஆய்வக முறைகளில் குறுக்கிட்டு டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டிவிடும். அதைப் பரிசோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். மருந்துச் சீட்டில் இல்லாத பொருள் என்பதால் பலர் இதை மருத்துவரிடம் சொல்வதேயில்லை. அவசியம் சொல்ல வேண்டும்.

1891-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் முர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியால் செலுத்தி ஒரு பெண்ணின் நோயைத் தணித்தார். அந்தப் பெண் அதன்பின் 25 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். இன்றைய லீவோதைராக்ஸின் மாத்திரை, உடல் தானே செய்யும் டி4-தான். இல்லாததை ஈடு செய்வதே அதன் வேலை. சுரப்பு முற்றிலும் நின்றுபோன ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள்.

பொறுமை மிகவும் தேவைப்படுவது இங்கேதான். டி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். எனவே புதிய அளவு மாத்திரை இரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரங்கள் பிடிக்கும், பிட்யூட்டரி அதற்கேற்ப ஏவலைத் திருத்திக்கொள்ளவும் நேரமாகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். இரண்டாவது வாரத்தில் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொள்பவர்கள், அடுத்த மாதம் தேவைக்கு மிஞ்சிய அளவில் போய் நிற்பார்கள். மிஞ்சினால் படபடப்போடு நிற்காது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், நாளடைவில் எலும்பும் தேயும்.

மாத்திரை போதவில்லை என்று தோன்றும் பலருக்கு உண்மையில் மாத்திரை உறிஞ்சப்படவில்லை. வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை உணவையும் காப்பியையும் தள்ளிவைக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குத் தேவை முதல் சில வாரங்களிலேயே 25 முதல் 50 விழுக்காடு வரை கூடிவிடும்; குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்ஸினை நம்பியிருக்கும் காலம் அது. ஆகவே ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவர் கருவுற்றது தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.