கணினித் திரையை ஒட்டுக்கேட்காமல் காக்கும் விதி: யாருக்கு, எத்தனை மீட்டர்?

கணினித் திரையில் எழுத்து தெரியும்போதெல்லாம் கேபிளுக்குள் மின்சாரம் நொடிக்குப் பல கோடி முறை ஏறி இறங்குகிறது. அதில் கொஞ்சம் ரேடியோ அலையாக வெளியே கசிகிறது. அந்தக் கசிவை ஆண்டெனாவால் பிடித்தால் திரையில் இருப்பதை வேறோர் இடத்தில் பார்த்துவிடலாம். 1985-இல் நெதர்லாந்துப் பொறியாளர் விம் வான் எக், கொஞ்சம் மாற்றியமைத்த டிவியை வைத்தே இதைச் செய்து காட்டினார். அவை பழைய குண்டுத் திரைகள். தட்டைத் திரை வந்ததும் தொல்லை ஒழிந்தது என்று பலரும் நினைத்தார்கள், ஒழியவில்லை. மூன்று சுவர் தாண்டி, 10 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு லேப்டாப் திரையின் எழுத்துகளைப் படித்ததாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் மார்கஸ் குன் 2004-இல் வெளியிட்டார்.

இதைத் தடுக்கும் அரசு விதிகளுக்குப் பொதுப்பெயர் டெம்பெஸ்ட். நேட்டோ நாடுகளில் அதன் தரநிலை எஸ்டிஐபி-27. அதன் சோதனை அளவுகள் ரகசியம், ஆனால் அடிப்படைக் கணக்கு ஊரறிந்தது: ஒட்டுக்கேட்பவர் எவ்வளவு பக்கத்தில் வர முடியும்?

பக்கத்து அறைவரை, ஏறக்குறைய 1 மீட்டருக்குள் வந்துவிடுவார் என்றால் ஏ நிலைக் கருவி வேண்டும். 20 மீட்டருக்குள் வரமுடியாது என்றால் பி நிலை போதும். 100 மீட்டருக்குக் காவலும் வேலியும் இருந்தால் சி நிலை. இங்கே சுவரும் தூரக் கணக்கில் சேரும். கட்டடம் 20 மீட்டர் வெட்டவெளி அளவுக்கு அலையைத் தணித்தால், அது 20 மீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம். அதனால் முதலில் கட்டடத்தை அளந்து மண்டலம் பிரிப்பார்கள், அப்புறம்தான் கருவி வாங்குவார்கள். நகர நடுவே வாடகைக் கட்டடத்தில் இருக்கும் தூதரகத்துக்கும், பெரிய வளாகத்துக்குள் இருக்கும் ராணுவ அலுவலகத்துக்கும் செலவு ஒன்றாக இருக்காது.

சான்று பெற்ற கருவியில் உலோக உறை, வடிகட்டி போட்ட மின்கம்பி, கவசக் கேபிள் எல்லாம் இருக்கும். விலையும் எடையும் அதிகம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்துவிட்டால் அந்தச் சான்றை நம்பிப் பயனில்லை.

நம் கணினியில் உள்ள சிஇ (CE) என்ற ஐரோப்பிய முத்திரை இதற்கான சான்று இல்லை. வெளியே கசியும் அலை விஷயத்தில் அது பார்ப்பது, பக்கத்து ரேடியோவுக்கு இடைஞ்சல் வராமல் இருக்கிறதா என்பதைத்தான். ரகசியம் கசிகிறதா என்று யாரும் அதில் சோதிப்பதில்லை.

டெம்பெஸ்ட் விதி காப்பது அரசின் ரகசியங்களை. குடிமகனின் ரகசியத்துக்காக ஓர் அரசு இதே கவலையைப் பட்டது நெதர்லாந்தில். 2006-இல் அங்கே வாக்கு இயந்திரங்களை எதிர்த்த ஒரு குழு, நெடாப் நிறுவனத்தின் வாக்கு இயந்திரத் திரையிலிருந்து கசியும் அலையைச் சில மீட்டர் தள்ளியிருந்து கேட்டே, போட்ட வாக்கைப் பற்றித் துப்பு கிடைப்பதைக் காட்டியது. ஒரு கட்சியின் பெயரில் உச்சரிப்புக் குறியிட்ட எழுத்து ஒன்று இருந்தது. அது திரையில் வந்ததும் திரை புதுப்பிக்கும் வேகமே மாறியது, ரேடியோவில் வேறு சுருதி கேட்டது! எஸ்டியூ நிறுவனத்தின் இயந்திரங்கள் இன்னும் மோசம், பல பத்து மீட்டருக்குக் கசிந்தன. நவம்பர் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அவற்றின் அனுமதி ரத்தானது. ஆம்ஸ்டர்டாம் உட்பட 35 நகராட்சிகள் மாற்று ஏற்பாட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. 2008-இல் அரசு எல்லா இயந்திரங்களையும் விட்டு, வாக்குச்சீட்டுக்கும் சிவப்புப் பென்சிலுக்கும் திரும்பியது.

சரி, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? பெரும்பாலானோர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இவ்வளவு சிரமப்படுவதைவிட ஒரு போலி மின்னஞ்சல் அனுப்புவது திருடனுக்குச் சுலபம். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்காமல் திரையில் ஒட்டும் பிலிமை இதற்கும் சேர்த்து நம்ப வேண்டாம். அது கண்ணைத் தடுக்கும், ஆண்டெனாவைத் தடுக்காது. தகவலைக் குறியாக்கம் செய்து வைத்திருப்பதும் இங்கே உதவாது, ஏனென்றால் நீங்கள் படிப்பதற்காகத் திரைக்கு வரும்போது அது திறந்த எழுத்தாகத்தான் வருகிறது.