ஒரே பைனல், ஒரே டிவி, ஓர்மை மட்டும் ஏன் ரெண்டு மாதிரி?

கன்னியாகுமரி கடற்கரையில தூத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தான். "அண்ணே, சென்னையின் எஃப்சி 2015ல ஐஎஸ்எல் கால்பந்து கப் அடிச்ச மேட்ச பத்தி எங்க மாமாவும் அவரு கூட்டாளியும் பேச ஆரம்பிச்சா சண்டையிலதான் முடியும். நம்ம சென்னை டீம் மெயில்சன் தலையால முட்டி ரெண்டு கோல் போட்டான்னு மாமா சொல்லுதாரு, இல்லலேய் கோவா கோல்கீப்பரே பந்த உள்ள தள்ளிவிட்டான்னு கூட்டாளி சொல்லுதாரு. ரெண்டு பேரும் ஒரே டிவிலதான் பாத்திருக்காவ. இதுல யாரு கள்ளம் சொல்லுதது?"

முதல்ல ஸ்கோர முடிச்சிருவோம், அதுக்கு யாரோட ஓர்மையும், அதாவது ஞாபகமும், வேண்டாம். 2015 டிசம்பர் 20, கோவா ஃபடோர்டா ஸ்டேடியம், சென்னையின் 3, எஃப்சி கோவா 2. 87வது நிமிஷத்துல கோவா முன்னால போயாச்சு, கப் அவங்களுக்குத்தான்னு எல்லாரும் நினைச்சப்ப 90வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில பட்டே பந்து சொந்த போஸ்ட்டுக்குள்ள போச்சு, அப்புறம் இஞ்சுரி டைம்ல சென்னையின் மெண்டோசா அடிச்சு கதைய முடிச்சான். அப்ப கூட்டாளி சொல்றது சரி. ஆனா மாமாவும் ஒண்ணும் கனவு காணல. மெயில்சன் தலையால முட்டின ரெண்டு கோலும் நிஜம்தான், ஆனா அது 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல நடந்த பைனல்ல. அதுவும் 3-2, அதுவும் எதிர் டீமோட சொந்த ஊர்லயே, போதாக்குறைக்கு மெயில்சன் 2015 டீம்லயும் இருந்தவன். இவ்வளவு ஒத்துமை இருந்தா யாருக்குத்தான் கலங்காது?

கலங்குச்சுன்னு சொல்லிட்டு போயிரலாம், ஆனா எப்படி கலங்குதுங்கறதுதான் விஷயம், எனக்கு மூளை ஆராய்ச்சியிலயே ரொம்ப பிடிச்ச இடமும் அதுதான்.

பள்ளிக்கூடத்துல படிச்ச அளவுக்கு சீக்கிரமா ஓட்டிருறேன். புதுசா ஒண்ணு நடந்தா அந்த அனுபவத்துல சேர்ந்து வேலை செஞ்ச நரம்பு செல்களுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு, அதாவது சினாப்ஸ், பலமாகுது. எங்க எப்ப யாரு கூடங்கறத கட்டி வைக்கிற வேலை மூளையில ஹிப்போகாம்பஸ்ங்கற பகுதிக்கு, பயம் பதட்டம் துள்ளல் மாதிரி விஷயத்துக்கு அமிக்டலாங்கற பகுதி. கடைசி நிமிஷத்துல கோல் விழுந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதுல்லா, அப்ப சுரக்கிற ஹார்மோன் அமிக்டலா வழியா "இத நல்லா பதிச்சு வை"ன்னு சொல்லுது. இணைப்பு நிரந்தரமா பலப்படணும்னா செல்லு புதுப் புரதம் செய்யணும், அதுக்கு சில மணி நேரம் ஆகும். அதுக்குப் பிறகு ஓர்மை கெட்டியாயிடும், அவ்வளவுதான், இனி மறக்கலாம், மாறாதுன்னு ரொம்ப காலம் நினைச்சிட்டு இருந்தாங்க.

அந்த நினைப்ப 2000ல உடைச்சது ஒரு எலி பரிசோதனை. நியூயார்க் பல்கலைக்கழகத்துல ஜோசஃப் லெடூ லேப்ல கரீம் நாடர்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளர் செஞ்சது. லெடூவுக்கே ஆரம்பத்துல இது வேலைக்கு ஆகும்னு நம்பிக்கை இல்லையாம். எலிக்கு ஒரு சத்தம் கேக்க வச்சு கூடவே லேசா ஷாக் கொடுத்தாங்க, மறுநாள் அந்த சத்தம் கேட்டாலே எலி அப்படியே உறைஞ்சு நிக்கும், அதாவது ஓர்மை பதிஞ்சாச்சு. இப்ப அந்த சத்தத்த ஒரே ஒரு தடவ கேக்க வச்சு, உடனே அமிக்டலாக்குள்ள அனிசோமைசின்னு ஒரு மருந்த ஏத்தினாங்க. அது புதுப் புரதம் செய்யறத தடுக்கிற மருந்து. அடுத்த நாள் சத்தம் கேட்டா எலிக்கு பயம் பெரும்பாலும் போயிருச்சு!

இதுல என்ன பெருசுன்னு கேக்கலாம், மருந்து மூளைய கெடுத்திருக்கும்னு நினைக்கலாம். அங்கதான் அழகே. சத்தம் கேக்க வைக்காம சும்மா மருந்து மட்டும் ஏத்தின எலிக்கு ஒண்ணும் ஆகல, பயம் பத்திரமா இருந்துச்சு. சத்தம் கேட்டு 6 மணி நேரம் கழிச்சு ஏத்தின எலிக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு வாரம் பழைய ஓர்மையா இருந்தாலும் நினைவுபடுத்தின உடனே மருந்து ஏத்தினா அதுவும் போச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? ஓர்மை சும்மா கிடக்கும்போது கெட்டி. அத எடுத்த உடனே சில மணி நேரத்துக்கு இளகுது, மறுபடியும் புரதம் செஞ்சு திரும்ப கட்டினாத்தான் அது ஓர்மையா நீடிக்கும். கட்ட விடலன்னா கரைஞ்சு போவுது.

கடப்புறத்துல வலைய விரிச்சு போட்டு கிழிசல் சரி பண்றத பாத்திருப்பீங்க. மடிச்சு கட்டி வச்சிருக்கிற வலையில யாரும் புது நூல் கோக்க முடியாது, விரிச்சு போட்டாத்தான் முடியும், அன்னைக்கு கையில எந்த கலர் நூல் இருக்கோ அதுதான் உள்ள போகும். பல வருஷம் ஓடின வலைய பாத்தா முதல்ல வாங்கின நூல் எது அப்புறம் சேத்தது எதுன்னு வலைக்காரனே யோசிச்சுத்தான் சொல்லணும். ஓர்மையும் பின்ன அப்படித்தான், ஆனா இங்க கலர் வித்தியாசம் கூட தெரியாது.

மனுஷங்க மூளைக்குள்ள மருந்து ஏத்த முடியாது, அதனால அரிசோனா பல்கலைக்கழகத்துல ஆல்முட் ஹுப்பாக்கும் கூட இருந்தவங்களும் 2007ல வேற வழி பிடிச்சாங்க. முதல் நாள் 20 சாதாரண பொருள காட்டி மனப்பாடம் பண்ண வச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சு கொஞ்சம் பேருகிட்ட "போன தடவ என்ன செஞ்சோம்னு ஓர்மை இருக்கா"ன்னு லேசா ஞாபகப்படுத்திட்டு வேற 20 பொருள காட்டினாங்க, மத்தவங்களுக்கு ஞாபகப்படுத்தாம நேரா புதுப் பொருள். இன்னும் ரெண்டு நாள் கழிச்சு முதல் லிஸ்ட்ட கேட்டா, ஞாபகப்படுத்தப்பட்டவங்கதான் ரெண்டாவது லிஸ்ட்டு பொருளையும் முதல்ல சேத்து சொல்றாங்க. மத்தவங்க அவ்வளவா கலக்கல. இன்னொரு வேடிக்கை, கலப்பு ஒரு பக்கமாத்தான் நடக்குது, ரெண்டாவது லிஸ்ட்ட கேட்டா முதல் லிஸ்ட்டு பொருள் அதுக்குள்ள வர்றது இல்ல. விரிச்சு போட்டது முதல் லிஸ்ட்டு, அதுலதான் புது நூல் ஏறுச்சு.

இப்ப நம்ம மாமாகிட்ட வாங்க. 2018 பைனல் அன்னைக்கு ராத்திரி எல்லாரும் என்ன பேசியிருப்பாங்க? "எலேய் 2015 மாதிரியே இருக்குலேய், அதே 3-2"ன்னுதான பேசியிருப்பாங்க. அந்த நிமிஷம் 2015 ஓர்மை திறந்தாச்சு, கண்ணு முன்னால டிவில மெயில்சன் முட்டின கோல் திரும்பத் திரும்ப ஓடுது. அன்னைக்கே உள்ள ஏறியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. என் கணிப்புதான், மாமா மண்டைய திறந்து பாத்தவன் இல்ல நான். மனுஷங்க ஓர்மை எல்லாமே ஒவ்வொரு தடவையும் இப்படி திறக்குதான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் நல்ல சண்டை நடக்குது, சில பரிசோதனைய திரும்ப செஞ்சப்ப அதே முடிவு வரல, அதையும் சொல்லாம விட்டா அது கள்ளம்.

நம்ம கரையில விஷயம் இன்னும் சிக்கல். நீரோடி தொட்டு இரயுமன்துறை வரைக்கும் பந்து விளையாடாத ஊரு கிடையாது, இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தா கிளப்பு ஏடிகேக்கும் விளையாடப் போன பிறகு அந்த கிளப்புகளுக்கும் இங்க ஆளு சேந்துச்சு, கேரளா பக்கத்துலயே இருக்கறதால கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சள் ஜெர்சிக்கும் குறைவில்ல. ஆனா பாதி ஆம்பளைங்க மேட்ச் நடக்கும்போது ஆழ்கடல்ல இருப்பாங்க, தங்கல் போட்டுல போனா கரைக்கு வர வாரக்கணக்காகும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் 2018 பைனல் அப்ப கடல்லதான் இருந்தாரு, வந்த பிறகு மொபைல்ல ஹைலைட்ஸ் பாத்தாரு, அது அவரு பொண்டாட்டிக்கே தெரியும். இப்ப சாயாக்கடையில உக்காந்தா "நாங்க எல்லாம் கிளப்புல சேந்துதான பாத்தோம்"னு தொடங்கி, ரெண்டாவது கோலுக்கு பக்கத்துல இருந்தவன் துள்ளினதுல கப்பலண்டி, அதாவது கடலை, பொட்டலம் தரையில கொட்டினது வரைக்கும் சொல்லுவாரு. அந்த கப்பலண்டி கொட்டினது உண்மைதான், ஆனா இவரு அங்க இல்ல.

இது அவருக்கு மட்டும் வர்ற வியாதி இல்ல. 1992 அக்டோபர் 4ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடி வீட்டு மேல மோதுச்சு. பல மாசம் கழிச்சு அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் "விமானம் மோதுற அந்த நொடிய டிவில பாத்தீங்களா"ன்னு கேட்டப்ப பாதிக்கு மேல ஆளுங்க பாத்தோம்னு சொன்னாங்க. மோதுற நொடிய யாருமே படம் எடுக்கல, அப்படி ஒரு வீடியோவே கிடையாது. கேட்டது, படிச்சது, மனசுல ஓட்டிப் பாத்தது எல்லாம் சேந்து கண்ணால கண்ட மாதிரி ஆயிருச்சு. ஒரு விஷயம் நம்ம கிட்ட எப்படி வந்துச்சுங்கற முகவரி, அந்த விஷயத்த விட சீக்கிரம் அழிஞ்சு போவுது.

ஸ்காட்லாந்துல 2003ல வந்த இன்னொரு ஆய்வுல ரெண்டு ரெண்டு பேரா ஒரே சம்பவத்தோட வீடியோவ காட்டினாங்க, ஆனா ரெண்டும் வேற வேற கோணத்துல எடுத்தது, ஒருத்தர் பாத்தது இன்னொருத்தருக்கு தெரியாது. அப்புறம் சேந்து பேச விட்டு தனித்தனியா கேட்டா 71 சதவீதம் பேரு தான் பாக்காத ஏதோ ஒண்ணையாவது பாத்ததா சொல்லிட்டாங்க. சாயாக்கடையில பல வருஷமா அதே கூட்டத்தோட அதே மேட்ச பேசினா என்ன மிஞ்சும்னு நீங்களே பாத்துக்கோங்க.

அப்ப அடிக்கடி பேசினா ஓர்மை கெட்டுத்தான் போகுமா? அப்படியும் இல்ல. அமெரிக்காவுல பேஸ்பால் ரசிகர்கள வச்சு 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு, பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ்னு ஜென்மப் பகையான ரெண்டு டீமு, 2003ல ஒண்ணு ஜெயிச்சது, 2004ல மத்தது. ஆயிரத்துக்கும் மேல ஆளுங்ககிட்ட கேட்டதுல அவங்கவங்க டீமு ஜெயிச்ச மேட்ச்சத்தான் ரெண்டு பக்கமும் சரியா சொன்னாங்க, தோத்தது மங்கிப் போயிருந்துச்சு. காரணம் லேசு, ஜெயிச்சத திரும்பத் திரும்ப பேசுறோம் பாக்குறோம், தோத்தத யாரு பேசுவா. ஆக மொத்தம் பேசினா எலும்புக்கூடு பலமாகும், ஸ்கோரு, யாரு அடிச்சது, எங்க நடந்துச்சுன்னு. ஆனா அதுக்கு மேல இருக்கிற சதை, யாரு பக்கத்துல இருந்தா, மழை பெஞ்சுச்சா, எந்த வீட்டு டிவி, அங்கதான் புது நூல் ஏறுது. மாமா கேஸ்ல எலும்பே மாறிப் போச்சு, ஏன்னா ரெண்டு எலும்புக்கூடும் ஒண்ணு போல இருந்துச்சு.

இதோட சேத்து ஒண்ணு சொல்லிக்கிறேன், கோவப்படாதீங்க. "நான் டிவி முன்னால உக்காந்தா கோல் வாங்கிருவானுவ"ன்னு எழுந்து வெளிய போய் நிக்கிற ஆளு எல்லா ஊர்லயும் உண்டு, படிச்சவன் படிக்காதவன் வித்தியாசம் இல்ல. நீ உக்காந்து ஜெயிச்ச மேட்ச் எத்தனைன்னு கேட்டா முழிப்பான். எழுந்து போனப்ப கோல் விழுந்தத ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி பலமாக்கியாச்சு, ஒண்ணும் நடக்காத நாள யாரும் பேசல, அது காணாம போச்சு. அந்த நம்பிக்கைய ஓர்மையே உக்காந்து வளத்து விடுது. ஜெர்சிய துவைக்காம போடுற பார்ட்டிகளுக்கும் இதேதான், அவங்க பக்கத்துல உக்காரவங்க பாவம்.

இன்னொரு ஆதங்கம். ஓர்மைய எடுத்தா இளகும்னு 1968லயே எலிகள வச்சு ஒரு ஆய்வு வந்தாச்சு, யாரும் பெருசா கண்டுக்கல, 30 வருஷத்துக்கு மேல தூங்குச்சு. நாடர் எலி ஆய்வும் அன்னைக்கு யாருக்கும் உடனடி பிரயோஜனம் இல்லாததுதான், ஆனா அதுல இருந்துதான் போர், விபத்து மாதிரி கொடூர நினைவால தூங்க முடியாம இருக்கிறவங்களுக்கு அந்த ஓர்மை இளகுற நேரத்துல சிகிச்சை கொடுக்கலாமான்னு சோதனைகள் தொடங்குச்சு. 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு நம்ம கரையில அப்படி தூங்க முடியாத வீடு எத்தனை இருந்துச்சுன்னு சொல்லித்தான் தெரியணுமா. பெங்களூருல உயிரியல் ஆராய்ச்சி மையமான என்சிபிஎஸ்ல மன அழுத்தம் எலியோட அமிக்டலாவ எப்படி மாத்துதுன்னு உலகமே கவனிச்ச வேலை நடந்திருக்கு, ஆளும் அறிவும் நம்மகிட்ட இருக்கு. ஆனா ஃபெல்லோஷிப் பணம் மாசக்கணக்கா வராம ஆராய்ச்சி மாணவன் வாடகைக்கு கடன் வாங்குற நாட்டுல "எலிக்கு ஷாக் கொடுத்து என்னத்த கிழிக்கப் போற"ன்னு கேட்டா எவன் அந்தப் பக்கம் வருவான்.

சரி, தம்பிக்கு ஒரு வேலை. ஐஎஸ்எல் பைனலுக்கு வீடியோ இருக்கு, மாமாவ உக்கார வச்சு காட்டினா சண்டை முடிஞ்சுரும். நம்ம ஊரு டோர்னமெண்ட், திருவிழாவுக்கு நடத்தின மேட்ச், அந்த காலத்து கிளப்புக் கதை எதுக்கும் வீடியோ கிடையாது, பெரியவங்க ஓர்மை மட்டும்தான் இருக்கு, அவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்காங்க. மொபைல்ல பதிவு பண்ணி வை. ஆனா நாலு பேர சேத்து உக்கார வச்சு கேக்காத, சத்தமா பேசுறவரு கதையேதான் நாலு பேரு வாயிலயும் வரும். தனித்தனியா போய் கேளு. "அந்த பெனால்ட்டி தப்புதான"ன்னு கேக்காத, "அன்னைக்கு என்ன நடந்துச்சு மாமா"ன்னு மட்டும் கேளு, அவரு முடிக்கிற வரைக்கும் நீ எதுவும் எடுத்துக் கொடுக்காத. நேர்ல பாத்ததா, யாரும் சொல்லிக் கேட்டதான்னு கடைசியில ஒரு கேள்வி. தேதியோட எழுதி வச்சிரு, அதுக்குப் பிறகு எல்லாரையும் சேத்து வச்சு எவ்வளவு வேணும்னாலும் சண்டை போட விடு.