ஃபோலிக் அமிலமும் மெத்தோட்ரெக்சேட்டும் வெளிச்சத்தில் என்ன ஆகின்றன?

மருந்துப் பெட்டிகள் பலவற்றில் ‘வெளிச்சம் படாமல் வைக்கவும்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். காலாவதித் தேதியைத் தேடிப் பார்ப்பவர்கள்கூட அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு, சில மருந்துகளைப் பொறுத்தவரை அந்த வரியும் தேதியளவுக்கு முக்கியம் என்றே படுகிறது. அந்தச் சிலவற்றில் முன்வரிசையில் நிற்பவை டெரிடின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

டெரிடின் என்பது நான்கு நைட்ரஜன் அணுக்களைக் கொண்ட இரட்டை வளையம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளின் மஞ்சள் நிறமியை ஆராய்ந்தாரே, அந்த நிறமி இந்த வகைதான். அதே வளையம் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினிலும் இருக்கிறது, மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்சேட்டிலும் இருக்கிறது, ட்ரையம்டெரீன் என்ற சிறுநீர்பெருக்கி மாத்திரையிலும் இருக்கிறது. மூன்றுமே மஞ்சள். மஞ்சளாகத் தெரிகிறது என்றால் நீல ஒளியையும் புற ஊதாவையும் உறிஞ்சிக்கொள்கிறது என்று அர்த்தம். உறிஞ்சிய ஆற்றல் ஏதாவது ஒரு வேலையைச் செய்தே தீரும்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்வதைவிடக் காட்டிவிடுவது எனக்குப் பிடிக்கும். ஃபோலிக் அமிலத்தை லேசான காரநீரில் கரைத்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றுவோம். ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றிவிட்டு, மற்றதை இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வைப்போம். முதலில் பார்க்க ஒன்றும் இருக்காது. நேரம் ஆக ஆகக் குப்பிக்குள் நீல ஒளிர்வு ஏறிக்கொண்டே வரும். பிறகு தாளில் சுற்றியதைப் பிரித்து அதே விளக்கில் காட்டினால், அது மங்கலாகவே நிற்கும். அப்போது யாராவது ஒருவர் ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது போல’ என்பார். உண்மையில் அந்த நீலம், மருந்து உடைந்துகொண்டிருப்பதன் அடையாளம்.

நடப்பது இதுதான். முழு ஃபோலிக் அமிலத்தில் டெரிடின் வளையத்தோடு பாரா அமினோ பென்சாயிக் அமிலமும், அதற்கப்பால் குளூட்டாமிக் அமிலமும் வாலாக இணைந்திருக்கின்றன. வளையம் ஒளியை வாங்கினாலும், பக்கத்தில் இருக்கும் அந்த வால் பெரும்பகுதி ஆற்றலைத் தணித்துவிடும். அதனால்தான் முழு மூலக்கூறு ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. ஆனால் புற ஊதா தொடர்ந்து விழுந்தால் 9-ஆம் கார்பனுக்கும் 10-ஆம் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு அறுந்து, வளையம் உள்ள துண்டு 6-ஃபார்மைல்டெரின் என்ற பொருளாகத் தனியே பிரிகிறது. அது மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து டெரின்-6-கார்பாக்சிலிக் அமிலமாகிறது. இப்போது தணிப்பதற்கு வால் கிடையாது. வளையம் பளீரென ஒளிர்கிறது. கூடவே தான் வாங்கிய ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கடத்தி சிங்லெட் ஆக்சிஜன் என்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜனை உண்டாக்குகிறது, பக்கத்து மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானையும் பிடுங்குகிறது. மிச்சமிருக்கும் ஃபோலிக் அமிலமும் அதற்கு இரைதான். ஆகவே சிதைவு சீரான வேகத்தில் போகாது, போகப் போக வேகம் பிடிக்கும். ‘கொஞ்ச நேரம்தானே வெளியில் இருந்தது’ என்ற சமாதானத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

மெத்தோட்ரெக்சேட்டும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் உடைகிறது. ட்ரிப்ஸில் ஏற்றுவதற்காகக் கலக்கிய நீர்த்த கரைசலில் சிதைவு இன்னும் விரைவு. அதனால் பையை உறையிட்டு மூடுகிறோம். பையை மூடிவிட்டுக் குழாயை ஜன்னல் வெயிலில் தொங்கவிடுவதைப் பார்க்கும்போது மனம் பதறும், ஏனென்றால் மருந்து அந்த மெல்லிய குழாய் வழியாகத்தானே போகிறது! மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஃபோலிக் அமிலமும் எடுப்பார்கள்; அதாவது கையில் இருக்கும் இரண்டுமே டெரிடின்கள். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி, வாரம் முழுவதற்கும் கண்ணாடி போன்ற டப்பாவில் அடுக்கி ஜன்னலோரம் வைக்காதீர்கள். அப்புறம், இது ஒளி சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை: மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, உடம்புக்குள் என்ன? 1978-இல் பிராண்டா, ஈட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், மனித இரத்த பிளாஸ்மாவைச் செயற்கைச் சூரிய ஒளியில் ஒரு மணி நேரம் வைத்தபோது ஃபோலேட் (ஃபோலிக் அமிலமும் அதன் உறவு வடிவங்களும்) 30 முதல் 50 சதவீதம் குறைந்ததாகக் காட்டினார்கள். கருமையான தோல் ஃபோலேட்டைக் காக்கும் கவசமாகவும் உருவாகியிருக்கலாம் என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால் குப்பியில் கண்டதை அப்படியே தோலுக்குப் பொருத்திவிட முடியாது. இரத்தத்தில் அதிகம் ஓடுவது 5-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற வேறொரு வடிவம். குப்பிக்கு மேல் விழுந்த விளக்கொளி போன்ற புற ஊதா ஏ கதிரை அது நேரடியாகப் பெரிதாக வாங்காது. ஒளியை வாங்கித் தரும் வேறொரு பொருள் பக்கத்தில் இருந்தால்தான் சிதையும். தோல் நோய்க்குப் புற ஊதா சிகிச்சை எடுத்தவர்களிடம் நடந்த சில ஆய்வுகளில் ஃபோலேட் குறைந்தது, சிலவற்றில் மாறவில்லை. அதற்காக வெயிலுக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிகிச்சையில் இருக்கும்போது கருத்தரிக்கத் திட்டமிடும் பெண், அதைத் தன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூட ஃபோலேட் தேவை; அது கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களில் மூடிவிடும். கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் அமிலம் தொடங்கினால் அந்த நாட்கள் போயிருக்கும்.

இதே ஒளி வாங்கும் குணத்தை இயற்கை நல்ல காரியத்துக்கும் வைத்திருக்கிறது. பல பாக்டீரியாக்களிலும் தாவரங்களிலும் உள்ள ஃபோட்டோலையேஸ் என்ற நொதி, புற ஊதாவால் பழுதான டி.என்.ஏவைச் சரிசெய்கிறது. பெரும்பாலானவற்றில் அதற்கு ஒளியைப் பிடித்துத் தருவது ஒரு ஃபோலேட் மூலக்கூறுதான். டி.என்.ஏ பழுதுபார்ப்பு ஆய்வுகளுக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்த அஸீஸ் சஞ்சார், இந்த நொதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மனிதர்களான நமக்கு அந்த நொதி இல்லை.

எக்ஸ்-ரே, காமா கதிர்களின் வழி வேறு. அவை வளையத்தின் நிறத்தைப் பார்ப்பதில்லை. கரைசலில் பெரும்பாலும் தண்ணீரைத்தான் உடைக்கின்றன. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் என்ற, எதனோடும் சட்டென வினைபுரியும் துணுக்குகள் டெரிடினைத் தாக்குகின்றன. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும் கதிரின் அளவு மிகக் குறைவு; மாத்திரைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டிய இடம் கதிர்வீச்சு சிகிச்சை. தலைக்குக் கதிர் கொடுத்தவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் தந்தால் மூளையின் வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) பாதிக்கப்படும் அபாயம் கூடுகிறது. முன்பு கதிர் பட்ட தோலோ, சில நாட்களுக்கு முன் வெயிலில் வெந்த தோலோ, மருந்து உள்ளே போனதும் திரும்பச் சிவந்து கொப்பளிப்பதும் உண்டு. கதிர்வீச்சுக்குப் போகும்போது எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கேட்பார்கள். மூட்டுவலிக்கு வாரம் ஒருமுறை போடுவதுதானே என்று நினைத்து மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரையும் தவறாமல் சொல்லுங்கள்.