செய்தி ஒன்றுதான், இரு தரப்புக்கும் கோபம்

1982 செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்தீலா பகுதிகளில் பாலஸ்தீன அகதிகள் கொன்று குவிக்கப்பட்டார்கள். கொன்றது லெபனானின் கிறிஸ்தவ ஆயுதக் குழு. பகுதியைச் சுற்றி வளைத்து நின்றது இஸ்ரேலிய ராணுவம். அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வந்த அந்தச் செய்திகளைத் தொகுத்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வல்லோன், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் 144 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள்.

எல்லோரும் பார்த்தது ஒரே ஒளிப்பதிவு. இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கு அது இஸ்ரேலைக் குறிவைத்துத் தாக்குவதாகப் பட்டது. அரபு ஆதரவாளர்களுக்கோ இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்குவதாகப் பட்டது. தங்கள் தரப்பைக் குறைசொல்லும் இடங்களே அதிகம் என்று இரு அணியும் சாதித்தன. விவரம் அதிகம் தெரிந்தவர்களுக்குத்தான் பாரபட்சமும் அதிகமாகத் தெரிந்தது என்பது இன்னும் வேடிக்கை. 1985இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின் இதற்கு 'பகை ஊடக விளைவு' என்ற பெயர் நிலைத்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இதே ராஸும் லெப்பரும் சார்லஸ் லார்டுடன் சேர்ந்து 1979இல் மரண தண்டனை பற்றி ஓர் ஆய்வு செய்திருந்தார்கள். சாதகமும் பாதகமுமான ஆய்வு முடிவுகளைப் படிக்கக் கொடுத்தபோது, இரு தரப்பாரும் தங்களுக்குப் பிடித்த முடிவை மெச்சி, மற்றதில் ஓட்டை தேடினார்கள். கடைசியில் தங்கள் கருத்தே உறுதிப்பட்டது என்றார்கள். அங்கே கலவையான தகவல் தன் பக்கம் சாய்ந்தது. செய்தியில் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் சாய்கிறது?

பாதகமான வரிகள்தான் மனதில் தங்குகின்றன என்பது பலரும் சொல்லும் விளக்கம். ஆல்பர்ட் குந்தர், கேத்லீன் ஷ்மிட் குழுவினர் மரபணு மாற்றப்பட்ட உணவு பற்றிய கட்டுரையை வைத்து அதைச் சோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவுப்படி கோளாறு நினைவில் இல்லை, வகைப்படுத்துவதில்தான் இருந்தது. ஒரே பத்தி இந்த அணிக்கும் எதிரான பத்தி, அந்த அணிக்கும் எதிரான பத்தி.

அவர்களது இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே எழுத்தைச் சிலருக்குப் பத்திரிகைக் கட்டுரை என்றும், சிலருக்கு ஒரு மாணவர் எழுதிய கட்டுரை என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். மாணவர் எழுதியது என்று நம்பியவர்களிடம் அந்தப் பகையுணர்வு காணாமல்போனது. தங்கள் பக்கம் சாய்வதாகக்கூட அவர்களுக்குத் தோன்றியது.

மாணவர் கட்டுரையை ஆசிரியரைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? பத்திரிகையை ஊரே படிக்கும். விவரம் தெரியாத யாரோ அதைப் படித்து மனம் மாறிவிடுவார்களே என்ற பதற்றம் வருகிறது. 1985 ஆய்விலும் நடுநிலையாளர்கள் இதைப் பார்த்தால் தங்களுக்கு எதிராகத் திரும்புவார்கள் என்றே இரு அணியும் கணித்தன. 1979 முரணுக்கும் விடை இங்கேதான் என்பது என் ஊகம்: ஆய்வு முடிவை நாம் நமக்காகப் படிக்கிறோம், செய்தியை அடுத்தவர் கண்ணால் பார்க்கிறோம்.